இடது பக்க ஸ்பீக்கர்

ஜனவரி 6, திங்கள்

விடியலிலிருந்து தூறல். எழுந்ததும் இடது காதில் பஞ்சு அடைத்தது போல. நேற்று அலுவிகாரையில் புத்த பிக்குகள் பிரித் ஓதிய வீட்டில் மைக் செட்டைக் கழற்றி ஏற்றும்போது நன்றாக நனைந்தேன். சளிதான். கமலா நல்லெண்ணெய் சுடவைத்து இரண்டு சொட்டு விட்டாள். கூடவே நாலு திட்டு.

கடைக்குப் போகத் தாமதம். வாசலில் நிசாம் நானாவின் கார் எனக்கு முன்னாலேயே வந்து நிற்கிறது. பழைய காலத்து ஸ்ரீ நம்பர். அவருடைய வாப்பா மிளகும் கராம்பும் விற்ற காசில் வாங்கியது. கரும்பச்சை. குரோமியம் பம்பரில் முகம் பார்த்து மீசை வெட்டலாம். மூத்த மகனுக்கு மாதக் கடைசியில் கல்யாணம், மாப்பிள்ளை இதில்தான் போக வேண்டுமாம், பாட்டோடு.

"ராஜன் பாஸ், நல்ல ஸ்பீக்கர் போடுங்க. ஆனா கதவுல ஒரு ஓட்டை விழக் கூடாது. டேஷ்போர்டை வெட்டக் கூடாது. வாப்பாட கார்."

"அப்ப எங்க நானா வைக்கிறது? உங்க மடியிலயா?"

சிரித்தார். நல்ல மனுசன். மழை விட்டதும் வேலை தொடங்க வேண்டும்.

ஜனவரி 7, செவ்வாய்

பழசை எல்லாம் கழற்றினேன். டேஷ்போர்டு நடுவில் ஒன்றே ஒன்று, முட்டை வடிவம், பேப்பர் பொடிப்பொடியாக உதிர்கிறது. பின் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் எந்த மகராசனோ எப்போதோ இரண்டு வைத்திருக்கிறான். ஒன்றுக்குள் எலிக்கூடு. எலிக்காவது அது பயன்பட்டிருக்கிறது.

முக்கியமானது: பேட்டரி. இந்தப் பழைய கார்களில் பிளஸ்தான் பாடிக்குப் போகும். இப்போதைய செட் எல்லாம் மைனஸ் பாடிக்கு. பார்க்காமல் மாட்டினால் பாட்டு வராது, புகைதான் வரும். மீட்டர் வைத்துப் பார்த்தேன். யாரோ முன்பே மாற்றி வைத்திருக்கிறார்கள். நல்லது.

யோசனை: டேஷ்போர்டுக்குக் கீழே, கால் வைக்கும் இடத்தில், இரண்டு பக்கமும் மரப்பெட்டி. ஸ்குரூவே இல்லாமல் இறுகி நிற்கிற மாதிரி. செட் டேஷ்போர்டு டப்பாவுக்குள் ஒளிந்துகொள்ளும். நானாவின் வாப்பா எழுந்து வந்து பார்த்தாலும் குறை சொல்ல முடியாது.

வாங்க: ஸ்பீக்கர் 2, வயர், பிளைவுட், கறுப்புத் துணி, கமலாவுக்குக் கற்பூரம்.

காது அப்படியே. இரவு ஆவி பிடித்தேன்.

ஜனவரி 9, வியாழன்

நேற்றுக் கண்டி போய் ஸ்பீக்கர் வாங்கி வந்தேன். இன்று பெட்டி, துணி, வயர் எல்லாம் முடிந்தது. எனக்கே திருப்தி. டிரைவர் சீட்டில் உட்கார்ந்து போட்டுப் பார்த்தேன்.

இடது பக்கம் செத்துக் கிடக்கிறது.

செத்தே போகவில்லை. அடுத்த வீட்டில் பாடுவது போல. வலது பக்கம் மணி மணியாக. புது ஸ்பீக்கர், இன்றுதான் பெட்டியை உடைத்தேன். கண்டிக் கடைக்காரன் வாயால் விற்கிற ஆள். எனக்கே பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டானா?

ஒரு ஹம் இரைச்சல் வேறு. சன்னமாக, நிற்காமல். எர்த் சரியில்லை.

ஜனவரி 10, வெள்ளி

தொழிலில் எனக்கு ஒரே ஒரு சட்டம்தான். மாற்றிப் போட்டுப் பார். பழுது எதன் கூடப் போகிறதோ அதுதான் குற்றவாளி. யூகம், ஜோசியம் எதுவும் வேண்டாம்.

இடது வயரை வலதுக்கும், வலது வயரை இடதுக்கும் மாற்றினேன். இடதுதான் மந்தம். அப்படியென்றால் செட்டில் கோளாறு இல்லை.

ஸ்பீக்கர்களைக் கழற்றி இடம் மாற்றினேன். இடதுதான் மந்தம். அப்படியென்றால் ஸ்பீக்கரிலும் இல்லை.

பெட்டிகளை மாற்றினேன். இடதுதான்.

பைத்தியம் பிடிக்காத குறை. கமலா சாப்பாட்டுக் கூடையோடு வந்து, கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றாள். சோற்றைப் பாதியில் வைத்துவிட்டேன். பிறகு பசித்து, அவள் போனதும் சாப்பிட்டேன்.

ஜனவரி 11, சனி

மறுபடி கண்டி. கடைக்காரனோடு சண்டை. இரண்டையும் அவன் மேசையில் வைத்து அளந்து காட்டினான். இரண்டும் ஒரே அளவு. "அண்ணே, ரெண்டும் ரெட்டைப் புள்ளைங்க மாதிரி. உங்க காருலதான் ஏதோ இருக்கு." வரும்போது பஸ்ஸில் வலது ஜன்னல் ஓரம். கண்டக்டர் டிக்கெட் கேட்டானாம், நான் பதில் சொல்லவில்லையாம், தோளில் தட்டினான். அவனோடும் ஒரு சண்டை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். வெயில் வந்தது, அதுவே ஒரு பண்டிகை. முற்றத்தில் பானை. பொங்கி வழியும்போது கமலாவும் நானும் சேர்ந்து நின்று கும்பிட்டோம். கல்யாணம் ஆன நாளிலிருந்து அவள் என் இடப்பக்கம், சாமி முன்னால் அதுதான் வழக்கம். ஏதோ சொன்னாளாம். நான் கல்லாட்டம் நின்றேனாம். "நல்ல நாள்ல வாயைத் திறந்தா குறைஞ்சா போயிருவீங்க?" என்று முகத்தைத் தூக்கிக்கொண்டாள்.

கொழும்பிலிருந்து மகள் போன். லைன் சுத்தமாக இல்லை. "சத்தமா பேசு" என்று கத்தினேன். கரண்டியைக் கீழே வைக்கப் போய், போன் வலது காதுக்கு மாறியது. லைன் சரியாகிவிட்டது. "அப்பா, ஏன் கத்துறீங்க? நான் பேசிட்டுத்தானே இருக்கேன்?"

சளி காய்ந்துபோய் அடைத்திருக்கும். பொங்கல் கழிந்து பார்க்கலாம்.

ஜனவரி 16, வியாழன்

வேறு வழி இல்லாமல் செட்டில் பேலன்ஸை இடதுக்குத் தள்ளினேன். தள்ளத் தள்ள நடுவுக்கு வந்தது. முக்கால்வாசி இடதில் நிறுத்தியபோது பாட்டு சரியாக நடுக் கண்ணாடிக்கு நேராக நின்றது. அப்பாடா. நி.நானாவைக் கூப்பிட்டேன்.

வந்து உட்கார்ந்தார். ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இடது காதைப் பொத்திக்கொண்டார்.

"என்ன பாஸ், இந்தப் பக்கம் இப்படிக் கத்துது? அந்தப் பக்கம் ஒண்ணுமே இல்லயே."

"நானா, நல்லாக் கேளுங்க."

"நல்லாத்தான் கேக்குறேன்."

"எத்தனை வருஷமா இந்த வேலை செய்யுறேன், எனக்குத் தெரியாதா? உங்களுக்கு ஏலம், மிளகு பத்தி நான் சொல்லித் தாறேனா?"

"சரி பாஸ், பொறுமையா பாருங்க, கல்யாணத்துக்கு நாள் இருக்கு, இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டு நடந்தே போனார். கோபித்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஜனவரி 17, வெள்ளி

இதை எழுதாமல் விடலாம் என்று பார்த்தேன். எழுதித்தான் ஆக வேண்டும்.

காலையில் ஹம்மைப் பிடிப்போம் என்று தொடங்கினேன். எர்த் வயரைப் புதிதாக இழுத்தேன். ஹம் இருந்தது. செட்டை நிறுத்தினேன். இருந்தது. பேட்டரி வயரையே கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். கரண்டே இல்லாத காரில் ஹம். காரை விட்டு இறங்கிக் கடைக்குள் போனேன். கூடவே வந்தது.

திரும்பி வந்து, வயரைப் போட்டு, பாட்டையும் போட்டேன். பேலன்ஸ் நடுவில். வலது மணி மணியாக, இடது அடுத்த வீட்டில். வயரை மாற்றியாயிற்று. ஸ்பீக்கரை, பெட்டியை மாற்றியாயிற்று. மாற்றிப் போடாதது ஒன்றுதான் மிச்சம்.

டிரைவர் சீட்டில் முழங்கால் போட்டு, பின் சீட்டைப் பார்த்துத் திரும்பினேன்.

இப்போது வலது பக்க ஸ்பீக்கர் மந்தம்.

மறுபடி முன்னால். இடது. பின்னால். வலது. எத்தனை தடவை திரும்பினேனோ. ரோட்டில் போன பள்ளிப் பிள்ளைகள் நின்று பார்த்துச் சிரித்தார்கள். பழுது என் கூடவே திரும்பியது.

கடையைப் பூட்டிக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். பயம். வேறு பெரிய சொல் எதுவும் இல்லை, பயம்.

ஜனவரி 18, சனி

யாரிடமும் சொல்லவில்லை.

யோசித்துப் பார்க்கிறேன். அம்மன் கோயில் மாசித் தேர், வருஷா வருஷம் என் மைக். ரோடு நெடுக ஹார்ன் ஸ்பீக்கர். ஐந்து நாதஸ்வரம் ஒரே நேரத்தில், நடுவில் பிள்ளையைக் காணவில்லை என்று அறிவிப்பு. மைக் கீச்சிடப் போவதை அது கீச்சிடும் முன்பே பிடித்துக் குறைக்க வேண்டும். எந்த ஹார்ன் கரகரக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டே கை காட்டுவேன், கோயில் தலைவர் அதை வந்தவர்களுக்கெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இன்று கண்ணை மூடிக்கொண்டு ரேடியோ எந்தப் பக்கம் என்று பார்த்தேன். எல்லாமே வலது. சேவல் வலது. குழாய்த் தண்ணீர் வலது. பெண்சாதியும் வலது.

மைக் செட்காரனுக்குக் காது கேட்காது என்று ஊருக்குத் தெரிந்தால் அவ்வளவுதான். சமையல்காரனுக்கு நாக்கு செத்துவிட்டது என்றால் யார் பந்தி கொடுப்பார்கள்?

சந்தைப் பக்கம் ரோட்டைக் கடக்கும்போது இடது பக்கமிருந்து திரீவீல் உரசிக்கொண்டு நின்றது. "எஹென்னே நெத்த அங்கிள்?" கேட்கவில்லையா என்று சிங்களத்தில் கத்தினான் பையன். சும்மா ஏச்சுதான்.

ஜனவரி 19, ஞாயிறு

கமலாவிடம் சொல்லிவிட்டேன். தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்."

"எப்ப இருந்து?"

"பொங்கலுக்கு முன்னாடியே. கூப்பிட்டா இந்தப் பக்கம் திரும்பாம அந்தப் பக்கம் தேடுறீங்க."

"தெரிஞ்சா சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னேன். பொங்கப் பானைக்கு முன்னால நின்னு, காதைக் காட்டுங்கன்னு சொன்னேன். அந்தப் பக்கம் நின்னு சொல்லிட்டேன்."

இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு அவள் அழுதாள். நான் தேங்காயை வாங்கித் துருவினேன். செவ்வாய்க்கிழமை கிளினிக்காம், கூட வருகிறாளாம். கேள்வி இல்லை, உத்தரவு.

ஜனவரி 21, செவ்வாய்

ஆஸ்பத்திரி. காலையில் நம்பர் துண்டு எடுத்து, மத்தியானம்தான் முறை வந்தது. சின்ன வயதுப் பெண், டாக்டர் நோனா. இரும்புக் கவையைத் தட்டி நெற்றி நடுவில் வைத்தார். எந்தப் பக்கம் கேட்கிறது? வலது. கண்ணாடி அறையில் ஹெட்போன் மாட்டி, சத்தம் வந்தால் பொத்தானை அமுக்கச் சொன்னார்கள். வலதுக்கு அமுக்கிக்கொண்டே இருந்தேன். இடதுக்கு விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் டெஸ்ட் எடுக்கிற பிள்ளை பட்டனைத் திருப்பிக்கொண்டிருந்தது. வழக்கமாக நான் உட்காருகிற இடம் அது.

சிங்களத்தில்தான் பேசினோம்.

"எப்போதிலிருந்து?"

"ஆறாம் தேதி காலையில் இருந்து."

"இவ்வளவு சரியாகத் தெரிகிறதே, அன்றைக்கே ஏன் வரவில்லை?"

"முதலில் சளி என்று நினைத்தேன். பிறகு ஸ்பீக்கர் பழுது என்று நினைத்தேன்."

அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். திடீரென்று காது போனால் சும்மா அடைப்பு என்று விடக் கூடாதாம், உள் நரம்பு, நாலைந்து நாளுக்குள் மருந்து தொடங்கினால் நிறையப் பேருக்குத் திரும்புமாம். இப்போதும் மாத்திரை தருகிறேன், வாக்குக் கொடுக்க மாட்டேன் என்றார்.

அந்த நாலைந்து நாள் நான் என்ன செய்துகொண்டிருந்தேன்? எலிக்கூட்டை எடுத்தேன். வயரை மாற்றினேன். கண்டிக்குப் போய்ச் சண்டை போட்டேன். பழுதைத் தேடி முழுக் காரையும் கழற்றினேன், தேடுகிற கருவியை மட்டும் பார்க்கவில்லை. செருப்பால் அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது.

பஸ்ஸில் கமலா ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். பிறகு எழுந்து, என்னை அங்கே தள்ளிவிட்டு, வலப்பக்கம் உட்கார்ந்தாள்.

ஜனவரி 22, புதன்

மாத்திரை வயிற்றைப் பிடுங்குகிறது. தூக்கம் இல்லை. எல்லார் மேலும் எரிச்சல். காலையில் பூனையை ஏசினேன். பூனை மட்டும்தான் வலது பக்கமாக வந்து பதில் சொன்னது.

ஜனவரி 24, வெள்ளி

நி.நானாவின் காரை எப்படி முடிப்பது? மீட்டரால் இரண்டு பக்கமும் சமம் என்று அளக்கலாம். அளந்தேன். ஆனால் கால் பக்கம் வைத்த பெட்டி, வளைந்த டேஷ்போர்டு, சீட்டின் துணி எல்லாம் சேர்ந்து சத்தத்தைத் தின்னும். கடைசியில் ஒரு மனுசக் காது வேண்டும், இரண்டு காதாக.

கமலாவை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தேன். ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு இருப்பது போல நிமிர்ந்து உட்கார்ந்தாள். போன வருஷத் தேரில் நான் பதிந்து வைத்த நாதஸ்வரத்தைப் போட்டேன்.

"எப்படி?"

"நல்லாருக்கு."

"நல்லாருக்குன்னா வேலைக்காகாது. நாயனம் எங்க நிக்குது?"

கண்ணை மூடினாள். "கண்ணாடிக்கு இந்தப் பக்கம். கொஞ்சம் இடதுல."

ஒரு மயிரிழை திருப்பினேன்.

"இப்ப நடுவுல. இருங்க. தவில் மட்டும் கொஞ்சம் கனமா இருக்கு. கால்ல இடிக்குது."

கனத்தைக் குறைத்தேன். எனக்குள் ஒரு வலி. என் வாயில் வர வேண்டிய பேச்சு அவள் வாயில் வருகிறது. ஆனால் சரியாகச் சொன்னாள். இத்தனை வருஷம் என் கூட இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள். நான்தான் அவளிடம் கேட்டதே இல்லை.

ஜனவரி 27, திங்கள்

நி.நானா கார் எடுத்துப் போனார். கதவில் ஓட்டை இல்லை, டேஷ்போர்டில் கீறல் இல்லை. உட்கார்ந்தார், கேட்டார், கண் கலங்கிவிட்டது. "வாப்பா இருந்திருக்கணும்."

"அன்னைக்குக் கொஞ்சம் சத்தமா பேசிட்டேன் நானா. மனசுல வைக்காதீங்க."

"சீச்சீ. என்ன கோளாறு பாஸ் அது, கடைசில?"

"வயர்."

பொய்யும் இல்லை. என் மண்டைக்குள் போகிற வயர். ஆனாலும் நாள் முழுக்க நெஞ்சில் முள். கல்யாணத்துக்குப் பத்திரிகை கொடுத்தார், குடும்பத்தோடு வர வேண்டுமாம்.

பிப்ரவரி 3, திங்கள்

மாத்திரை முடிந்தது. மறுபடி கண்ணாடி அறை. இடது கொஞ்சம் ஏறியிருக்கிறதாம், பேச்சுக்குப் போதாதாம். இனி இவ்வளவுதான் இருக்கும் என்றார் டாக்டர் நோனா. நல்ல பிள்ளை, கண்ணைப் பார்த்துச் சொன்னார்.

ஹம் இருக்கிறது. எர்த் போட முடியாத ஹம்.

தேருக்கு யார் மைக் என்று கோயிலில் இன்னும் கேட்கவில்லை. ஒவ்வொரு வருஷமும் தையில் தலைவர் கூப்பிடுவார். இந்த வருஷம் கூப்பிடாமல் இருந்தால் நல்லது என்று ஒரு மனம். கூப்பிடாவிட்டால் செத்துவிடுவேன் என்று ஒரு மனம். கமலாவைக் கேட்டேன், மறைத்துவிடலாமா என்று. "உங்க இஷ்டம். நான் வாயைத் திறக்க மாட்டேன்" என்றாள். பொய் சொல்லாத பொம்பளை. அவளை அப்படிக் கேட்டதே தப்பு.

பிப்ரவரி 7, வெள்ளி

தை கடைசி வெள்ளி. நல்ல கூட்டம். எங்கள் பேரில் அர்ச்சனை, கமலா நேர்ந்தது. இரண்டு பேரும் சேர்ந்து முன்னால் போய் நின்றோம். அவள் வலப்பக்கம் நின்றாள்.

ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பார்த்தார். "அம்மா, நீங்க இடப்பக்கம் வாங்க."

கமலா நகரவில்லை. "இருக்கட்டும் சாமி."

"வழக்கம் அப்படி இல்லம்மா. இடப்பக்கம் நில்லுங்க."

பின்னால் ஆட்கள். தலைவர் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார். கமலா தலையைக் குனிந்துகொண்டாள். "அந்தப் பக்கம் புகை சாமி. கண் எரியுது."

அந்தப் பக்கம் புகையே இல்லை. அம்மன் முகத்துக்கு நேரே நின்று, எனக்காக ஒரு பொய். அவள் கழுத்தெல்லாம் சிவந்துவிட்டது. என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

"புகை இல்ல சாமி. எனக்கு இடது காது கேக்காது. அவ பேசுனா எனக்குக் கேக்கணும். இந்தப் பக்கமே நிக்கட்டும்."

அளவு தெரியாமல் கத்திவிட்டேன் போல. மணி அடித்துக்கொண்டிருந்தவரே நிறுத்திவிட்டார். கோயில் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. ஐயர் என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு எங்கள் பெயரும் நட்சத்திரமும் கேட்டு மந்திரத்தைத் தொடங்கினார். கமலா வலப்பக்கம் என் காதோடு, "கூறு கெட்ட மனுசன்" என்றாள். நன்றாகக் கேட்டது.

விபூதி வாங்கிக்கொண்டு வெளியே வரும்போது தலைவர் பின்னாலேயே வந்தார். இடது பக்கம் நின்று ஏதோ சொன்னார். வாய் அசைவதுதான் தெரிந்தது. இத்தனை வருஷத்து வேலை அந்த வாயில் நிற்கிறது, எனக்கு ஒரு சொல் விளங்கவில்லை.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்க" என்றேன்.

என்னைச் சுற்றிக்கொண்டு, கமலாவுக்கும் எனக்கும் நடுவில் வந்து நின்றார்.

"இல்ல, தேருக்குப் போன வருஷம் சந்தியில நாலு ஹார்ன் போட்டோமே, பத்தல. இந்த வருஷம் ஆறு போடலாமான்னு கேட்டேன்."

கமலாவைப் பார்த்தேன். சரியென்று தலையை ஆட்டினாள்.

ஆறு என்றேன்.